திண்டுக்கல்லில் ஒரு ஜாவா

எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால்காரர், அயர்ன் கடைக்காரர், எதிர் வீட்டு ரிடையர்டு வாத்தியார் என்று எல்லோருக்கும் என் பெயர், "என்ன தம்பி, வண்டி முடிஞ்சிருச்சா?" என்பதுதான்.

முதல் வருடம், "பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும்ணே" என்று சொன்னேன். இரண்டாவது வருடம் அதே பதிலைச் சொன்னபோது, "எந்தப் பொங்கலுக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள். மூன்றாவது வருடம் பால்காரரின் மணிச் சத்தம் கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய் ஒளிய ஆரம்பித்தேன். அவருக்கு நான் பால் பாக்கி வைத்திருப்பதாகத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியதுதான் மிச்சம்.

வண்டி என்றால் ஏதோ லாரி, பஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அப்பாவின் ஜாவா. சரியாகச் சொன்னால் எஸ்டி 250. எங்கள் பக்கம் டேங்கில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது ஜாவாதான்!

திண்டுக்கல்லை நீங்கள் பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். ஊர் நடுவில் ஒரு பெரிய பாறை, யாரோ ராட்சசன் தலைக்கு வைத்துக்கொண்டு மறந்துவிட்டுப் போன திண்டு மாதிரி படுத்திருக்கும். திண்டு போன்ற கல், அதனால் திண்டுக்கல் என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் அதன் மேல் கோட்டை கட்டினார். 1755-ல் பவுஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதப் பட்டறை போட்டார். அப்போதிருந்தே இந்த ஊருக்கும் இரும்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு போலிருக்கிறது. பூட்டு, இரும்புப் பெட்டி என்று எதையாவது தட்டிக்கொண்டும் ராவிக்கொண்டும் இருப்பதுதான் எங்கள் ஊர்ச் சுபாவம். பிரியாணியெல்லாம் அதற்கு அப்புறம் வந்த புகழ்.

நாகல் நகரில், ரயில் சத்தத்துக்குப் பழகிப்போன ஒரு வீட்டில் எங்கள் குடித்தனம். அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். சின்னாளப்பட்டியில் சரக்கு எடுத்து, ஜாவாவின் கேரியரில் மூட்டை கட்டி, ஒரு நாள் ஒட்டன்சத்திரம், ஒரு நாள் வத்தலக்குண்டு, ஒரு நாள் வேடசந்தூர், ஒரு நாள் நத்தம் என்று கடை கடையாகப் போடுவார். 1984-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. டி.என்-57 எல்லாம் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். சாயங்காலம் ரயில்வே கேட் தாண்டி அதன் 'டுப் டுப் டுப்' கேட்டதும் அம்மா அடுப்பில் காப்பித் தண்ணீர் வைப்பாள். அப்பா வாசலில் ஸ்டாண்டு போடும்போது காப்பி கொதித்திருக்கும். கைக்கெடிகாரத்தை விட அந்தச் சத்தம் கரெக்ட்.

ஜாவாவை ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1929-ல் செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். அவர் பெயரிலிருந்து 'ஜா', கம்பெனி பெயரிலிருந்து 'வா'. அந்த வண்டியை 1961-லிருந்து மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி தயாரித்தது. பிற்பாடு எஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரே சிலிண்டர்தான், ஆனால் இரண்டு சைலன்சர். உதைத்து ஸ்டார்ட் செய்கிற அதே லீவரை மடக்கினால் கியர் லீவர். சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம். கிளட்ச் பிடிக்காமலே காலால் கியர் மாற்றலாம். அப்பா இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கியர் போட்டுப் போவார்.

2006-ல் அப்பா வியாபாரத்தை நிறுத்தினார். வண்டியும் நின்றது. கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் பதினைந்து வருடம், மேலே கோழி, உள்ளே எலி.

2021 பொங்கலன்று எனக்கு ஞானோதயம் வந்தது. லீவு நாளில் வருகிற ஞானோதயத்தை நம்பவே கூடாது. "அப்பா, ஜாவாவை நானே ரெடி பண்ணப் போறேன்" என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பி.காம். படித்தவன் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பான் என்ற சந்தேகம் அவர் கண்ணில் தெரிந்தது. "செய்யி" என்றார், அவ்வளவுதான்.

இரண்டே நாளில் மொத்த வண்டியையும் கழற்றிவிட்டேன்! டேங்க், மட்கார்டு, எஞ்சின், ஸ்போக்ஸ் வரை. நட்டு போல்ட்டுகளையெல்லாம் பழனி பஞ்சாமிர்த டப்பாக்களில் போட்டேன். மொத்தம் பதினோரு டப்பா. எதிலும் சீட்டு ஒட்டவில்லை. 'எல்லாம் ஞாபகம் இருக்கும்' என்ற தைரியம். கழற்ற இரண்டு நாள் ஆன வண்டியை மாட்ட மூன்றரை வருடம் ஆனதற்கு முதல் காரணம் அந்தத் தைரியம்தான்.

மே மாதம் லாக்டவுன். கடைகள் இல்லை, பஸ் இல்லை. அது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்பேர் வேட்டை. வண்டியில்லாமல் நான் பஸ்ஸில், அப்பா ஜாவாவில் போன அதே ஊர்களுக்கு! ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு சைலன்சர் கிடைத்தது. ஜோடியில் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் எட்டு மாதம் கழித்து வேடசந்தூரில். வத்தலக்குண்டில் ஒருவர் ஜாவா ஹெட்லைட்டை மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டு பல்பு எரித்துக்கொண்டிருந்தார். விலை பேசியதும், "மாடு இருட்டுல நிக்குமே தம்பி" என்றார். புது எல்.இ.டி. பல்பு வாங்கிக் கொடுத்து மாட்டையும் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன்.

எஞ்சினைப் பேகம்பூர் பக்கம் ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டு போனேன். ஜாவாவை வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவர். கிராங்கைச் சுற்றிப் பார்த்து, "ஆயில் சீல் போச்சு தம்பி. டூ ஸ்ட்ரோக்ல அடிப்பெட்டி காத்து புகாம இருக்கணும். வண்டி நின்னாலே ரப்பர் காஞ்சிரும். ஓட்டின வண்டிய விட நிக்கிற வண்டிக்குத்தான் வியாதி ஜாஸ்தி" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் மனுஷனுக்கும் பொருந்தும் என்பது அப்போது உறைக்கவில்லை.

பாய் சொன்னது ஒன்று. "பிளாக்கை போர் அடிக்கக் குடுக்கும்போது புது பிஸ்டனையும் கையில குடுத்துரு. பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்கணும்." நான் அவசரக்குடுக்கை. பிஸ்டன் பார்சலில் வரட்டும், அதற்குள் போர் முடியட்டும் என்று வேறொரு ஊரில் ஒரு லேத்தில் பிளாக்கை மட்டும் கொடுத்தேன். அவர்கள் அளவைத் தாண்டி ராவிவிட்டார்கள். பிஸ்டன் வந்ததும் உள்ளே விட்டுப் பார்த்தால், பெரியப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி லொடலொட!

2022 டிசம்பர் அது. கொட்டகைக் கதவைச் சாத்தி, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் போட்டேன். ஏழு மாதம் திறக்கவில்லை.

அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் கணக்குப் படித்தவனாயிற்றே, முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். செலவு 38,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து 4,500 தருகிறேன் என்றார். காலேஜில் 'சங்க் காஸ்ட்' என்று ஒரு பாடம் உண்டு. போன பணம் போனதுதான், அதை நினைத்து மேலும் பணத்தைப் போடாதே, இனிமேல் வரப்போவதை மட்டும் பார் என்பது அதன் சாரம். பரீட்சையில் அதற்கு எனக்கு நல்ல மார்க். பாடத்தின்படி பார்த்தால் 4,500-ஐ வாங்கிக்கொண்டு கும்பிடு போட வேண்டியதுதான். 2022 ஜனவரியில் எஸ்டி என்ற பெயரிலேயே புது வண்டி வேறு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. "ஏங்க, பேசாம அதை தவணையில வாங்கிருங்களேன். இது எல்.கே.ஜி.யே தாண்டாத பிள்ளையா இருக்கு" என்றாள் மனைவி.

எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் ஒரு நாள் ராத்திரி டி.வி.யில் செய்தி அலறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றார். அப்பா முன்னால் உட்கார்ந்து, "என்ன சொல்றான், ஒண்ணும் விளங்கலையே" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடது காது ஏற்கனவே போய்விட்டதாம். வலது காதும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "வண்டு கணக்கா ரீங்குதுடா" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். அதுவும் பஞ்சாமிர்த டப்பாதான்.

நான் கணக்குப் போட்டேன். ரூபாய்க் கணக்கு அல்ல. அந்த 'டுப் டுப்' சத்தம் அவருக்குக் கேட்கும் காலம் இன்னும் எவ்வளவு? சங்க் காஸ்ட் பாடத்தில் இனி வரப்போவதைப் பார் என்றுதானே சொன்னார்கள்? வரப்போவது இதுதான். இதற்கு என்ன விலை போடுவது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

கொட்டகையைத் திறக்கப் போனேன். சாவியைக் காணோம்!

வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க அப்பா விடவில்லை. "திண்டுக்கல்காரன் பூட்டை உடைக்கிறதா? ஊரு சிரிக்கும்" என்றார். கதவின் நாதாங்கியைக் கழற்றி, பூட்டோடு நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டு போனேன். இந்தக் கைப்பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்ததே தவிர, மெஷினில் செய்து மலிவாக வருகிற அலிகார் பூட்டுகளோடு போட்டி போட்டு, பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரியவர் தனி ஆளாக உட்கார்ந்து அரத்தால் ஒரு பித்தளைத் தகட்டை ராவிக்கொண்டிருந்தார்.

"எட்டு லீவர் பூட்டு தம்பி" என்று உள்ளே காட்டினார். அடுக்கடுக்காகத் தகடுகள். ஒவ்வொன்றையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். எட்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் நாக்கு உள்ளே போகும். ஏழு சரியாக நின்று ஒன்று மயிரிழை பிசகினாலும் பூட்டு அசையாது.

"ஏழு லீவர் ராவி முடிச்சும் சாவி திரும்பலைன்னா வெறுத்துப் போயிராதா உங்களுக்கு?" என்று கேட்டேன். என் கதையைத்தான் கேட்டேன்.

அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். "எட்டாவது பொருந்துற வரைக்கும் சாவி திரும்பாது தம்பி. அதுக்காக ஏழு லீவரும் வீணுன்னு அர்த்தமா? நான் பூட்டைப் பாக்குறதே இல்ல. கையில இருக்கிற தகட்டைத்தான் பாப்பேன். இன்னிக்கு இந்த ஒண்ணு சரியா வந்துச்சா, வந்துச்சு. அதைத் தனியா எடுத்து வச்சிருவேன். வச்சதை ஒரு தடவை பாத்துக்கிருவேன். அப்பத்தான் நாளைக்குக் கை வரும்."

புதுச் சாவி போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து, முதல் வேலையாக என் நோட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டரை வருடக் கணக்கில் இருந்தது எல்லாமே பற்று. பிஸ்டன் இத்தனை, பஸ் சார்ஜ் இத்தனை, மாட்டுக்கு பல்பு இத்தனை. வரவுப் பக்கமே இல்லை! எந்தப் பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது கணக்கின் அரிச்சுவடி. அதை மூன்று வருடம் படித்துவிட்டு, நஷ்டத்தை மட்டும் எழுதி வைத்து, அதைத் தினம் புரட்டிப் பார்த்தால் எவனுக்குத்தான் ஸ்பேனர் எடுக்கத் தோன்றும்?

வலது பக்கம் கோடு போட்டு 'வரவு' என்று எழுதினேன். முதல் பதிவு: 'பூட்டு திறந்தது.'

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாகல் நகரில் தூக்கம் வராதவனுக்கு ரயில்தான் துணை. ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் போனபோது, பேப்பரில் படித்த ஒரு எஞ்சின் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1855-ல் செய்த நீராவி எஞ்சின், ஈ.ஐ.ஆர்-21 என்று பெயர். 1909-ல் ஓய்வு கொடுத்து, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நிறுத்திவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, 2010-ல், நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். அதற்கு எந்தக் கடையில் போய் ஸ்பேர் கேட்டிருப்பார்கள்? அவர்கள் நூறு வருடத்தைப் பார்த்திருந்தால் கையையே வைத்திருக்க மாட்டார்கள். ஒரு போல்ட்டைப் பார்த்திருப்பார்கள். எனக்கு நின்றது பதினேழு வருடம்தானே!

மறுநாளிலிருந்து வெள்ளனே எழுந்து அரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை, ஆசை வந்தாலும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வேலை. முதல் பதினோரு நாளும் பதினோரு டப்பா. ஒவ்வொன்றாகக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, பிரித்து, சீட்டு ஒட்டினேன். பாதி நட்டு எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். கையில் உருட்டிப் பார்த்து, "இது செயின் கவர். இது டைனமோ. இது நம்ம வண்டியே இல்ல, தையல் மெஷின்" என்றார். அம்மா மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்க்ரூவாம் அது.

கஷ்டமான வேலை ஒரு நாள் செய்தால் மறுநாள் சுலபமான வேலை. கியர் பெட்டியோடு மல்லுக்கட்டிய மறுநாள் பிரேக் லீவருக்கு பாலீஷ். மாட்டுக் கொட்டகை ஹெட்லைட்டைப் பளபளவென்று முடித்து, கொட்டகையில் வைக்காமல் டி.வி. பக்கத்தில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு மறுநாள் கை வந்தது. பால்காரருக்கும் பதில் கிடைத்துவிட்டது. "முடிஞ்சிருச்சா?" என்றால், "பின் சக்கரம் முடிஞ்சிருச்சுண்ணே" என்றேன். அவர் இறங்கி வந்து பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் தினம் ஒரு ரிப்போர்ட் கேட்காமல் பாலை ஊற்ற மாட்டார்!

பிளாக்குக்குக் கோயம்புத்தூரில் ஸ்லீவ் இறக்கி, இந்தத் தடவை பிஸ்டனைக் கையிலேயே கொண்டு போய், அளந்து போர் அடித்தோம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தப் பேப்பர் வேலை மட்டும்தான் எனக்கு எந்த மெக்கானிக்கும் இல்லாமல் வந்தது.

2024 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் அளந்து கலந்து ஊற்றினேன். பாய் வந்திருந்தார். பால்காரர் கேனோடு நின்றார். உதைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டாவது உதையில், நான் கதைக்காகச் சொல்லவில்லை, பாய் எண்ணினார், எட்டாவது உதையில் இருமியது. கொல்லை முழுக்க நீலப் புகை. பிறகு, டுப்... டுப் டுப் டுப்...

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். கையில் காப்பிப் பாத்திரம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியில் முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. லேட் பண்ணிவிட்டேனா? "அப்பா, கேக்குதா?" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வந்தார். உள்ளங்கையை டேங்க் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். புகைக்கு நடுவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"கேக்கணும்னு என்னடா? அதான் கையில வருதுல்ல" என்றார். அப்புறம், "பாயிண்ட் லேட்டா இருக்கு. கொஞ்சம் முன்ன தள்ளு."

பாய் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா சொல்றது சரிதான்" என்றார்.

சாயங்காலம் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். மதுரை ரோட்டில் இடது பக்கம் சிறுமலை நீலமாக, வலது பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை புகை மாதிரி. காந்திகிராமம் தாண்டும் வரை அவர் பேசவில்லை. இரண்டு கையையும் என் தோளில் வைத்திருந்தார். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் தோளில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தார். கிளட்சைப் பிடிக்காதே என்று அர்த்தம். நாலாவது தடவை எனக்கும் வந்துவிட்டது. இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்டார். நோட்டின்படி பற்று 71,640 ரூபாய். வரவுப் பக்கத்தில் 300-க்கு மேல் பதிவுகள். கடைசிப் பதிவுக்கு மட்டும் ரூபாய் போடத் தெரியாததால் இன்னும் கணக்கு முடிக்கவில்லை. "விக்கிறதில்லைங்க" என்றேன்.

மறுநாள் காலை பால்காரர் வந்தார். நான் ஒளியவில்லை, வாசலிலேயே நின்றேன்.

"என்ன தம்பி, வண்டி முடிஞ்சிருச்சா?"

"எங்கண்ணே, ஹாரன் இன்னும் அடிக்க மாட்டேங்குது" என்றேன்.

அவருக்கு ஏக சந்தோஷம்.